முன்னறையில் குறைந்த எடை

மாமனாருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்ததும், பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவரைக் கோயம்புத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உடம்பில் நீர் கோத்தால் முதலில் எடைதான் காட்டிக்கொடுக்கும் என்றார் டாக்டர். தினமும் காலையில், எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி உடுப்பில் பார்க்க வேண்டும். மிஷினைச் சமமான தரையில் வைத்து, இடம் மாற்றாமல் பார்க்க வேண்டும்.

என் கணவர் காந்திபுரத்தில் எடை மிஷின் வாங்கிவந்தார். முன்னறை ஜன்னலோரம் சிமெண்ட் தரையில் வைத்து, பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை அதன்மேல் ஏற்றினார். முள் இருபத்தைந்தில் நின்றது.

"சரியா இருக்குதுங்கப்பா. நீங்க ஏறுங்க."

மாமா ஏறினார். அறுபத்தெட்டு.

கொஞ்ச காலம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. நீர் வடிகிறது, நல்லதுதான் என்றார் டாக்டர். ஆனால் இறக்கம் நிற்கவில்லை. மாமா நன்றாகச் சாப்பிட்டார். கன்னம் ஒட்டவில்லை. சட்டையும் தொளதொளக்கவில்லை. முள் மட்டும் இறங்கியது. டாக்டர் ஏதேதோ பரிசோதனை எழுதிக்கொடுத்தார். எல்லாம் சரியாகவே வந்தன.

மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று தன் கையைத் தானே பிடித்துப் பார்ப்பார்.

"அம்மணி, ஆரோ என்னையக் கொஞ்சங்கொஞ்சமா எடுத்துட்டுப் போறாங்க" என்றார் ஒருநாள்.

அவரைச் சிரிக்கவைக்கத்தான் நானும் மிஷினில் ஏறினேன். குனிந்து முள்ளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. நானும் மூன்று கிலோ குறைந்திருந்தேன். அந்த மாதத்துச் சிப்பம் பிரிக்காமல் கிடந்தது. இழுத்துவந்து மேலே வைத்தேன். இருபத்திரண்டு சொச்சம். தைத்த வாய் தைத்தபடியே இருந்தது. ஓரிடத்திலும் கிழிசல் இல்லை.

மிஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே சிப்பம் சரியாக இருபத்தைந்து. மாமா அறுபத்தெட்டு. திரும்ப ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தோம். மறுபடியும் குறைந்தது.

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்பக் கொறையறது நானில்ல கண்ணு. இந்த எடம்."

மிஷினைக் கையால் அழுத்தினேன். ஆடியது. ஒரு கால் தரையில் பதியவே இல்லை. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்தேன். அது கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு தானாக உருண்டு, மாமாவின் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. தரையில் காதை வைத்தேன். உள்ளே அரிசி உதிர்வதுபோல ஒரு சத்தம். அப்புறம் வெகு கீழே, தண்ணீரில் ஏதோ விழுந்தது.

மாமாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டேன். அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்காரம்மா சேதி கேட்டு வந்து வாசலிலேயே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, அங்க கெணறு இருந்துச்சுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லீருக்கறாருங்க. மண்ணக் கொட்டி மூடிப்போட்டுத்தான் ஊடு கட்டுனாங்களாமா. அது அடங்கிப்போச்சுன்னு நெனச்சமுங்க."

பக்கத்து மனையில் புதிதாகப் போர் போட்டிருந்தார்கள். நீர் இறங்க இறங்க, கிணற்றுக்குள் கொட்டிய மண்ணும் இறங்கியிருக்க வேண்டும்.

கட்டிலையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்துவிட்டோம். பீரோவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, நல்ல வெயிலில் முன்னறைத் தரை உள்ளே போனது. பெரிய சத்தம்கூட இல்லை. பெருமூச்சு மாதிரிதான் கேட்டது. வாசற்படியில் நின்று பார்த்தோம். வட்டமாகக் கருங்கல் விளிம்பு, அதன் ஓரமாகக் கீழே இறங்கும் கல்படிகள். உள்ளிருந்து வந்த குளிர்ந்த காற்று எங்கள் முகத்தில் பட்டது. மாமா படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, போலாம்" என்று கடைசியில் அவர்தான் சொன்னார்.

பீளமேட்டில் வேறு வீடு பார்த்தோம். மாமா அங்கே எங்களோடு பல வருஷம் இருந்தார்; எடை பெரிதாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆனால் தூங்கும்போது ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார். விரல்நுனி தரையில் பட்டபடியே இருக்கும். எடுத்து மேலே வைத்தால், தூக்கத்திலேயே மறுபடியும் இறக்கிக்கொள்வார்.