பக்கிரிசாமியின் இரண்டு கேத்தல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் பக்கிரிசாமி. கிள்ளான் ரயிலில் பயர்மேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கடையில் சர்க்கரை வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பொட்டலம் கட்டச் சொல்வார்.

அவருடைய முதல் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தபோது, "கோலாலம்பூர் தண்ணி புள்ளைங்களுக்கு ஆகாது" என்று குழாயடியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அது அவர் மனதில் தைத்துவிட்டது. மனைவி தனலெட்சுமி மறுபடி முழுகாமல் இருந்த நேரத்தில், கிள்ளானுக்கு மாற்றல் கேட்க ஒரு வாய்ப்பு வந்தது. போவதா, இருப்பதா? இந்தப் பிள்ளையாவது பிழைக்க எந்த ஊர்த் தண்ணீர் நல்லது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மனிதர் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். நல்ல தண்ணீர் என்றால் பாய்லரில் உப்புப் படியாது. இது எஞ்சின்காரர்கள் கணக்கு. தண்ணீர் காய்ச்சுகிற மூக்குப் பாத்திரமான கேத்தல் இரண்டு வாங்கினார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் கிள்ளான் குழாயில் டின்னில் பிடித்து வந்தது. வேலை முடிந்து வந்ததும் இரண்டையும் தளதளவென்று கொதிக்க விடுவார். காலியானதும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

"பொறக்கப் போறது புள்ளையா, எஞ்சினா அண்ணே?" என்று கேட்டேன்.

"இரு தங்கச்சி, பாத்துடுவோம்லா" என்றார்.

தனலெட்சுமிக்கு விறகு எரிவதில்தான் வயிற்றெரிச்சல். "இவ்வளவு வெறகத் தின்ன தண்ணிய கீழ ஊத்துவேனா?" என்று ஆறவைத்துக் குடத்தில் சேர்த்துவிடுவாள். அந்த வீட்டில் குடிக்க வேறு தண்ணீரே கிடையாது. பையன் பிறந்த பிறகு அவனுக்கும் அதுதான்.

கேத்தல்களோ பதில் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி மெல்லிய வெள்ளைப் படிவு. இவர் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததில் கிள்ளான் மாற்றல் வேறொருவருக்குப் போய்விட்டது. அப்படியும் அவர் சோதனையை விடவில்லை.

அடுத்து வந்த மழைக்காலத்தில் எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. என் மகளும் படுத்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கிரிசாமியின் பையன் மட்டும் காலி டின்னை உருட்டிக்கொண்டு வாசலில் தவழ்ந்தான். நான் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"இவனுக்கு மட்டும் ஒண்ணும் வரலியே. எந்தத் தண்ணி குடுக்கிற? கிள்ளான் தண்ணியா?"

"ரெண்டையும் ஒரே குடத்துலதான்க்கா ஊத்துறேன்" என்றாள் தனலெட்சுமி. "எல்லாம் காய்ச்சின தண்ணி, அவ்வளவுதான்."

கேட்டுக்கொண்டிருந்த பக்கிரிசாமி கையிலிருந்த கேத்தலைக் கீழே வைத்தார்.

"எஞ்சின்ல தண்ணிய கொதிக்க வைக்கிறதுதான் தங்கச்சி என் பொழப்பே" என்றார். "மொதப் புள்ளைக்கு ஒரு கேத்தல் வைக்கத் தெரியாமப் போச்சே."

பிறகு அவரே எழுந்து தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்து, நன்றாகக் கொதித்ததும் அந்தக் கேத்தலை என் மகளுக்கென்று என் கையில் கொடுத்தார். எந்த ஊர்த் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.