குதிரையின் கழுத்தில் செருகிய குழாய்

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிருந்தது. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த நான், காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு, நெடுந்தீவு மட்டக்குதிரை ஒன்றை வண்டியில் பூட்டி, வட்டுக்கோட்டையிலிருந்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கினேன். குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதுவும் ஒரு எஞ்சின்தானே என்று நினைத்தேன்.

சில மாதங்களில் அதன் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நடந்தால் குறையும், விரட்டினால் கூடும். தாடைக்கு அடியில் வீக்கமும் இருந்தது. வார் உரசிய காயமாக்கும் என்று அதில் துணியைச் சுற்றி, வாரை இன்னும் இறுக்கிக் கட்டினேன். சத்தம் கேட்டபோதெல்லாம், ஓடப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் நடிக்கிறது என்று சவுக்கை எடுத்தேன்.

சத்தம் தொடங்கிய ஐந்தாம் நாள் காலை, முறிந்த கையைத் துணியில் தொங்கவிட்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் குதிரை முன்னங்கால் மடிந்து விழுந்து, பக்கவாட்டில் சரிந்தது. மூக்குத் துளைகள் விரிந்து கிடந்தன. காற்று உள்ளே போகவில்லை. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. நான் வாரை அவிழ்ப்பதா, தண்ணீர் ஊற்றுவதா என்று தெரியாமல் நின்றேன்.

மாடு பார்க்கச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மிருக வைத்தியர், ஒரு பெண், இறங்கி ஓடிவந்தார். தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக் கழுத்தின் நடுவில் வைத்தார். அறுக்கப் போகிறார் என்று பதறி அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“கையை விடுங்கோ. உள்ளுக்குக் கட்டி வந்து தொண்டை அடைச்சுப்போச்சு. இன்னும் ரெண்டு நிமிசத்திலை செத்துப்போகும்.”

விட்டேன். கத்தி இறங்கியது. இரத்தம் என் சேட்டில் தெறித்தது. குழாய் ஏதும் கிடைக்குமா என்று அவர் கேட்க, அக்கா ஓடிப்போய் வெங்காயத் தோட்டத்தில் கிடந்த தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார். அதில் ஒரு சாண் வெட்டி, மருந்தால் கழுவி, வெட்டிய துளைக்குள் செருகினார் வைத்தியர். உஸ் என்று காற்று உள்ளே போனது. மூக்கால் அல்ல, கழுத்தால் ஒரு உயிர் மூச்சு விட்டது. அக்கா நல்ல கையால் அந்தக் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் வைத்தியர் குதிரையின் முதுகில் இருந்த சவுக்குத் தழும்புகளைப் பார்த்தார்.

“எத்தினை நாளாய் இந்தச் சத்தம்?”

“அஞ்சு நாளாய்.”

“அஞ்சு நாளும் அடிச்சே ஓட்டினீங்கள்?”

“ஓம்” என்றேன். அவர் குழாயைத் தையல் போட்டு நிறுத்துவதிலேயே கவனமாக இருந்தார்.

கட்டி உடைந்து சீழ் வடிந்தது. ஒரு கிழமைக்குப் பின், ஏழாம் நாள், குழாயை எடுத்தார், புண்ணும் ஆறியது. குதிரை பிழைத்தது. நான் அதன் பக்கத்தில் போகும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

தன்னால் மூச்சு விட முடியவில்லை என்று ஒரு வாயில்லாப் பிராணி ஐந்து நாள் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, அதற்கு நான் சவுக்கால் பதில் சொல்லியிருக்கிறேன் என்ற அதிர்ச்சி எனக்கு இன்றுவரை தீரவில்லை.