ஆட்சேபணையை நானே எழுதினேன்

நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று இன்று ஜீயபுரத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வரைபடத்தில் ஆற்றோர வாழைத்தோட்டங்களை வீட்டுமனை என்று குறித்திருந்தார்கள்.

"சொல்லுங்க ஐயா, நான் எழுதிக்கிறேன்" என்றார் அலுவலர்.

"வேணாங்க, நானே எழுதுறேன்."

மூன்று மாதமாகத்தான் எனக்கு எழுத்து தெரியும். ஆசையாக இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தேன். நேரம் முடிந்து மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற சரோஜாவுக்குப் பேச முறையே வரவில்லை.

எனக்கு நிலம் கிடையாது. அவளுக்கு இருப்பதே அந்த ஆற்றோரத்தில் அரை ஏக்கர் வாழைதான்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்குத் திருச்சி ஆபீஸ்ல கொடுப்போம். நானே மனு எழுதித் தரேம்மா" என்றேன்.

"நீங்க கூட வந்து பேசுங்கண்ணே, போதும். எழுத மட்டும் வேணாம்."

வேகமாக எழுதுபவர் யாராவது நாளை எங்களுடன் வருகிறீர்களா? இந்தப் பதிவுக்கே எனக்குச் சாயங்காலம் முழுவதும் ஆகிவிட்டது.