இரட்டை வேகத்தில் கேட்ட குரல்

அவள் அனுப்பிய குரல்செய்தி நான்கு நிமிடம் பத்து வினாடி. படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றபடி, ஒரு காதில், இரட்டை வேகத்தில் கேட்டேன். நடுவில் அவள் பேச்சு நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து, ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

அந்தக் கட்டைவிரலை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது இன்றும்.

இந்த ஒரகடம் ரோட்டுக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மனு எழுதுவது, நோட்டீஸ் அடிப்பது, அதிகாரி முன்னால் கூட நிற்பது சங்கத்தில் என் வேலை. என் போனில் நாற்பத்தொரு குரூப்கள். விடிந்தால் ரோஜாப்பூ, பைபிள் வசனம், பெருமாள் படம், 'படப்பைக்கு மிக மிக அருகில்' என்று வாலாஜாபாத்தைத் தாண்டி விற்கும் மனை விளம்பரம். இவற்றுக்கு நடுவே நாங்கள், உலகத்தை மாற்றப் புறப்பட்டவர்கள். கண்டிக்கிறோம், வன்மையாகக் கண்டிக்கிறோம், ஒரு முஷ்டி, இரண்டு முஷ்டி, வரிசையாகப் பதினேழு முஷ்டி. நிஜமான ஒரு கையும் அதில் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்றுதான் வேகத்தைக் கூட்டப் பழகினேன். பழகியபின் இந்தக் குரல் அந்தக் குரல் என்று பார்ப்பதில்லை. எல்லாருமே அவசரமாகப் பேசும் பொம்மைகள் ஆகிவிட்டார்கள்.

அவள் தூத்துக்குடிப் பக்கம். ஆறு வருஷமாக ஒரே அசெம்ப்ளி லைனில் நின்றவள். அவள் மேலிருந்த குற்றம் இவ்வளவுதான்: ஒரு சனிக்கிழமை மதியம் லைன் குரூப்பில் சூப்பர்வைசர் 'நாளை ஓ.டி., எல்லாரும் வரணும்' என்று போட்டிருக்கிறார். அன்று மேனேஜருக்குப் பிறந்தநாள். வாழ்த்தாவிட்டால் யார் வாழ்த்தவில்லை என்று கணக்கெடுப்பார்கள் என்பதால் லைன் முழுக்க கேக் படம் அனுப்பியிருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவள், கேக்குகளைப் பார்த்ததும் தானும் ஒரு கேக்கை அனுப்பிவிட்டு போனை வைத்துவிட்டாள். ஓவர்டைம் செய்தி கேக்குகளுக்கு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. திங்கட்கிழமை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, நீயே ராஜினாமா எழுதிக் கொடு, விசாரணை என்று போனால் இந்த ரோட்டில் எந்தக் கம்பெனியிலும் உன்னை எடுக்கமாட்டார்கள் என்றார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. திங்கள் மாலை எனக்கு அனுப்பியதுதான் அந்த நான்கு நிமிடக் குரல்செய்தி.

செவ்வாய் காலை மூன்று முறை அழைத்திருக்கிறாள். நான் இணையவழிக் கூட்டம் ஒன்றில், போனை ஊமையாக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தொழிலாளர் ஒற்றுமை பற்றிய கூட்டம். சிரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து நான் திரும்ப அழைத்தபோது அவள் எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை.

மறுநாள் ஒரகடம் போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு எங்கள் எல்லாரையும் தெரியும்.

"இன்னாம்மா, இப்ப வர? அந்தப் பொண்ணு நேத்து காலைலேர்ந்து இங்கதான் குந்திகினு இருந்துச்சு. ரெண்டு டீ குடிச்சுது. அக்கா வரும், அக்கா வரும்னு ரோட்டையே பாத்துகினு இருந்துச்சு. நான்தான், நேரமாவுது போம்மான்னு அனுப்பினேன். திரும்பி வரசொல்ல கழுத்துல கார்டு இல்ல."

அப்படியே திரும்பி ஸ்ரீபெரும்புதூரில் அவள் இருக்கும் அறைக்குப் போனேன். இன்னொரு பெண்ணோடு தங்கியிருக்கிறாள். கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய யூனிபாரத்தை மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிரவில்லை.

"கட்டவெரலு காட்டுனியளே யக்கா. வாரேன்னுதானே அர்த்தம்?"

"முழுசாக் கேக்கலம்மா."

"எதுவரைக்கும் கேட்டிய? போடுங்க பாப்போம்."

போட்டேன். பழக்கதோஷம், இரட்டை வேகத்திலேயே ஓடியது. அவள் குரல் கீச்சுக்கீச்சென்று வந்ததும் அறைத்தோழி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

"இது நானா?" என்றாள். "ஏன் யக்கா, அவ்வளவு மெதுவாவா பேசுனேன்?"

செய்தியை நிறுத்தினேன்.

"லைன் ஸ்பீடு கூட்டாதேன்னு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தது நீங்கதானே? பாத்ரூமுக்குள்ள மறைச்சு மறைச்சு நான்லா அத குடுத்தேன். இப்ப நீங்களே கூட்டி ஓட்டுதிய."

அவளே என் கையிலிருந்து போனை வாங்கி வேகத்தைக் குறைத்தாள். இந்த முறை முழுவதும் கேட்டேன். நான் நிறுத்திய இடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம். எச்சில் விழுங்கும் சத்தம். அப்புறம்: "நாளைக்குப் பத்து மணிக்குக் கூட வருவியளா யக்கா? தனியாப் போனா நான் கையெழுத்துப் போட்டுருவேன். என்னைய எனக்குத் தெரியும்."

போட்டுவிட்டாள்.

கம்பெனி மேல் கோபப்பட எனக்குத் தெரியும். அது என் தொழில். தூங்கப் போனவளையும் போன் வழியாகத் துரத்தும் சூப்பர்வைசர் மேலும், வாழ்த்து வாங்கியே வயிறு நிரப்பும் மேனேஜர் மேலும் கோபப்படத் தெரியும். ஆனால் பார்க்கவில்லை என்பதற்காக அவளை வெளியே தள்ளினார்கள். கேட்கவில்லை என்பதற்காக என்னை யார் தள்ளுவது? அன்று மாலையும் எங்கள் குரூப்பில் அவளுக்காக முஷ்டிகள் வந்தன. ஒருவர் தவறிப்போய் கேக் அனுப்பிவிட்டு அழித்தார்.

அவள் அறையிலேயே தரையில் உட்கார்ந்து மனு எழுதினோம். மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது, வேலை திரும்ப வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, அவள் வேகத்தில், கையால் எழுதினேன். என் போன் சமையல் மேடையில் அதிர்ந்துகொண்டே கிடந்தது.

அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி முன் நின்றோம். அவள் பேசத் தொடங்கினாள். சனிக்கிழமை, கேக், எச்.ஆர். அறையின் குளிர். அதிகாரியின் மேசையில் போன் மினுங்கியது. அவர் எடுத்தார், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே, "சொல்லும்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

அவள் நிறுத்திக்கொண்டாள்.

நான் பதறினேன். இவரைப் பகைத்தால் வேலை திரும்பாது, நானே மிச்சத்தைச் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். லைனில் ஆறு வருஷம் திருகாணி முடுக்கிய பிடி.

"நீங்க பாத்து முடிங்க சார். நான் நிக்குதேன்."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எனக்குத் தெரிந்த சத்தம். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், முகம் கடுகடுத்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி. சொல்லு."

இதை எழுதும்போதும் அவளுக்கு வேலை திரும்பவில்லை. கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, அவர்கள் வாய்தா கேட்டிருக்கிறார்கள். ஆனால் அன்று அவள் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. மூச்சை இழுத்து, சனிக்கிழமை மதியத்திலிருந்து, முதலிலிருந்து, மெதுவாக ஆரம்பித்தாள்.