கரமனைப் பாலமும் நான் கொட்டிய செம்மண்ணும்

பாலம் கட்டுகிறவனுக்கு ஒரு தடவைதான் பாடு; கட்டி முடித்த பாலத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறவனுக்கு நாள் தவறாமல் பாடு. விருந்தாளியை ஊர் சுற்றிக் காட்டி, கால் வலித்து, தொண்டை கட்டி, கடைசியில் "இவ்வளவுதானா?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் நான் மராமத்து ஓவர்சியராகச் சேர்ந்த புதிது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கரமனை ஆற்றின் மேலுள்ள பழைய கருங்கல் பாலம் என் பொறுப்பு. இடுக்கில் முளைக்கிற ஆலங்கன்றைப் பிடுங்க வேண்டும். பெரிய மனிதர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டவும் வேண்டும். வேலை நிரந்தரமில்லை. வருகிறவர்கள் ஆபீசில் என்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போகிறார்களோ, அதில்தான் என் பிழைப்பு. கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. மாமனார் வாரம் தவறாமல் கடிதம் போடுவார். சுகமா என்று கேட்கமாட்டார், நிரந்தரமாச்சா என்றுதான் கேட்பார்.

படுத்துக்கொண்டே வந்தவர்

தஞ்சாவூரிலிருந்து ஒரு ரிட்டயரான தாசில்தார் வந்தார். கொல்லத்தில் கூரை தாழ்ந்த வள்ளப் படகு ஏறி, கால்வாய் வழியாக வள்ளக்கடவில் வந்து இறங்கினார். முதுகு பிடித்துக்கொண்டு முகம் கடுகடுவென்று இருந்தது. இவர் ஆபீசில் போய் என்னத்தைச் சொல்லப்போகிறாரோ என்று அவர் பெட்டியை நானே தூக்கிக்கொண்டேன்.

ஜட்கா வைத்து நேரே கரமனைக்குக் கூட்டிப்போனேன். பாலத்தின் நடுவில் நின்று, கைப்பிடிச் சுவரைத் தடவிக் கொடுத்தார். பிறகு என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "வழி நெடுக ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில மல்லாந்து படுத்துண்டே வந்தேன் ஓய். ஒண்ணையாவது மேலே நின்னு பாக்க வச்சீரே, நன்னா இரும்."

மிளகாய்க் கடை அண்ணாச்சி

சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், ஊரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாருக்குப் பாலத்தைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். அவர் வண்டிகள் அந்தப் பாலத்தில் போகாத நாளே கிடையாது. "பாலத்துல பாக்க என்னவே இருக்கு" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார்.

நான் எல்லோரையும் படித்துறைக்கு இறக்கிவிட்டேன். கீழிருந்து பார்த்தால்தான் அந்தப் பாலம் தன் முழு உருவத்தைக் காட்டும். வளைவுகளும், தண்ணீரில் அவற்றின் நிழலும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் நுழையாத இணைப்பும்! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும், பாத்துக்கிடுங்க. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். சம்பந்தியை மறந்தே போனார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "முப்பது வருசமா இதுமேல மிளகா மூட்டைதாம்லா போவுதுன்னு நெனச்சேன். நானும்லா போயிருக்கேன் வே."

மெட்ராஸ் எஞ்சினீயர்

அடுத்து வந்தவர் வெறுமனே பார்க்க வந்தவரில்லை. மோட்டார் பஸ் ஓட இந்தப் பாலம் தாங்குமா, அதைப் பராமரிக்கிற ஆள் உருப்படியா என்று எழுதிக் கொடுக்க மெட்ராசிலிருந்து வரவழைக்கப்பட்ட எஞ்சினீயர். என் தலையெழுத்து அவர் பேனாவில் இருந்தது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனை யானைமேல் எழுந்தருளப் பண்ணும் நாளிலேயே வருகிறேன் என்றார். ஊர்வலம் அந்தப் பாலத்தின் மேல்தான் வரும்; யானைப் பாரம் ஏறும்போது பாலத்தைப் பார்க்க வேண்டுமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? முந்தின நாளே பாலம் முழுக்கப் புதுச் செம்மண் கொட்டி, மெத்தை மாதிரி பரப்பி, ஓரத்தில் குருத்தோலைத் தோரணமும் கட்டிவிட்டேன். எஞ்சினீயர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாலம் எங்கேய்யா?"

யானை நின்றது

மேளதாளத்தோடு அம்மன் வந்தாள். பாலத்தின் முனையில் யானை முன்காலை ஒருதரம் ஊன்றிப் பார்த்து, எடுத்துக்கொண்டது. தும்பிக்கையால் மண்ணை முகர்ந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. பாகன் கெஞ்சினான், அதட்டினான். அது ஓர் அடி பின்னால்தான் போயிற்று. அம்மன் அரண்மனைக் கோட்டைக்குள் போய்ச் சேர வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த கூட்டம், பாலத்துக்கு ஏதோ கேடு என்று பேச ஆரம்பித்துவிட்டது. எஞ்சினீயர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எனக்குக் கண்முன்னால் மாமனார் முகம்தான் தெரிந்தது.

பாகன் இறங்கி வந்து என்னிடம் கேட்டான்: "ஈ புது மண்ணு ஆரு சாரே போட்டது?" நான்தான் என்றேன். "இவள் வித்துரா காட்டில வாரிக்குழியில, ஆனை பிடிக்கிற குழியில, விழுந்து பிடிபட்டவளாக்கும். குழிமேல மரக்கொம்பு வச்சு, இதுபோல மண்ணு போட்டுத்தான் மூடியிருந்தாங்க. இவள் மறக்குமோ?"

அப்புறம் யாரைக் கேட்க? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே துடைப்பத்தை எடுத்தேன். மேளக்காரர்கள், விளக்குத் தட்டோடு வந்த பெண்கள், எல்லோருமே சேர்ந்து தள்ளினார்கள். எஞ்சினீயரும் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு மண்வெட்டி பிடித்தார். கருங்கல் தெரிந்ததும் யானை மறுபடி காலை வைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை இறக்கியது. பிறகு யார் சொல்லையும் எதிர்பாராமல், தன் வீட்டுக்குள் நுழைகிறவள் போல நடந்து அக்கரை போய்விட்டது. ஒரு கல் அசையவில்லை. நான் கும்பிட்டது அம்மனையா பாலத்தையா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யானைக்கு எப்படியப்பா அவ்வளவு நம்பிக்கை வந்தது?" என்று எஞ்சினீயர் பாகனைக் கேட்டார். அவன் பதில்: "அவளோட பாரம் அவளுக்குத் தெரியும் சாரே. கல்லு தாங்கும்னும் தெரியும். நடுவில நம்மதான் சல்லியம், தொல்லை."

ரிப்போர்ட்

பத்து நாள் கழித்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனேன். சிரிக்காமல் எஞ்சினீயரின் கடைசி வரியை வாசித்தார்: "பாலம் மிகச் சிறப்பானது, அதன்மேல் யாரும் எதையும் கொட்டாமல் பார்த்துக்கொள்ள, யானையிடம் பட்டுத் தெரிந்துகொண்ட தற்போதைய ஓவர்சியரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும்."

ஆக, ஏதாவது செய்து பெயர் வாங்கத் துடித்த நான், அந்தப் பாலத்துக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்காக அன்றிலிருந்து இருபது வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கினேன்.