பத்துக்கு மூன்று போட்ட ஏழு பேர்

வீட்டில் எனக்கு நீதிபதி என்று பெயர். பெருமைக்கு வைத்த பெயர் இல்லை. சின்ன வயதிலேயே புதுச்சட்டை வந்தால் தையல் கோணல் என்பேன், படத்துக்குப் போனால் பாதியில் குறை சொல்ல ஆரம்பிப்பேன், யாராவது இரண்டு வரி பாடினால் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். "வந்துட்டாருப்பா நீதிபதி" என்று முதலில் கேலி செய்தவள் என் தங்கை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்பத்தெட்டு வயதாகிறது, அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருக்கிறது.

நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். உடனே கதை, கவிதை என்று நினைத்துவிடாதீர்கள். பாடப்புத்தகம் அச்சடிக்கிற கம்பெனியில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதை இழுத்து மூடியதும் வீட்டோடு உட்கார்ந்து, யார் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். முதுகுவலிக்கு ஏற்ற நாற்காலி எது, சமையலறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், பூனை வளர்ப்பது எப்படி. பூனை பக்கத்தில் வந்தாலே எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம். சலவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வீடு. துணி காயப்போடும் அறையைத் தடுத்து, பழைய கதவு ஒன்றை இரண்டு அலமாரிமேல் படுக்கவைத்து, அதுதான் ஆபீஸ். மேஜையின் ஓரத்தில் தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறது. கோபம் வந்தால் அதைப் போட்டுப் போட்டு எடுப்பேன்.

வருஷத்துக்கு ஒரு முறை ஒரு குறிப்பிட்ட வேலை வரும். எழுதிப் பிழைக்க நினைக்கிறவர்களுக்காக ஒரு இணையதளம் நடக்கிறது. ஃப்ரீலான்ஸ் எழுத்தைப் பற்றி வருகிற பிளாக்குகளில் முப்பதை எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, எதைப் படிக்கலாம், எதைத் தள்ளலாம் என்று அவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மார்க், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரித் தீர்ப்பு. பட்டியலின் தலையில் கொட்டை எழுத்தில், 'எங்கள் ஏழு பேர் கொண்ட நடுவர் குழு அலசி ஆராய்ந்து வழங்கும்' என்று போடுவார்கள். அந்த ஏழு பேரும் நான் ஒருத்தன்தான். என் மனைவிக்கு இது தெரியும். கண் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. பட்டியல் நாளன்று கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏழு பேருக்கும் காபி போட்டு வச்சிட்டுப் போகவா, இல்ல ஒருத்தரே எல்லாத்தையும் குடிச்சிடுவாரா?" என்பாள். நானும் ஈ என்று இளிப்பேன்.

முப்பது பிளாக்கையும் ஒருத்தன் உட்கார்ந்து படிக்க முடியுமா? முடியும். நான் படித்ததில்லை. எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன், மவுஸில் மூன்றே தட்டு. முகப்பு ஒரு தட்டு. 'என்னைப் பற்றி' ஒரு தட்டு. பழைய பதிவுகளின் தேதி வரிசை ஒரு தட்டு. தேதிதான் முக்கியம். வாரம் தவறாமல் பதிவு இருந்தால் ஆள் ஒழுங்கானவர், எட்டுக்குக் குறையாமல் போடலாம். நடுவில் இடைவெளி விழுந்தால் மாதத்துக்கு ஒன்றைக் கழி. இதற்கென்று எக்செல்லில் கட்டம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். பதிவைப் படித்தாயா என்று கேட்கிற கட்டம் மட்டும் அதில் கிடையாது. காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பது பேருக்கும் தீர்ப்பு சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன்.

இந்த வருஷம் முதலிடம், முகப்புப் படத்தில் மலை உச்சியில் கைகட்டி நிற்கிற ஒருத்தருடைய பிளாக்குக்கு. செவ்வாய்க்கிழமை தவறவே தவறாது. ஒன்பதரை போட்டேன். கடைசி இடம், முப்பதாவது, 'அரைமணி எழுத்து' என்று ஒன்று. எழுதியவர் பெயர் இல்லை, படம் இல்லை. 'என்னைப் பற்றி'யில் ஒரே வரி: கிடைக்கிற அரைமணியில் எழுதிப் பிழைப்பவள். தேதியைப் பார்த்தேன். போன வருஷத்தில் நாலு மாதம் ஈ காக்கா இல்லை. அதற்கப்புறமும் விட்டு விட்டுத்தான். கழித்தேன். மூன்று வந்தது. தீர்ப்பை நான் ரொம்ப ரசித்து எழுதினேன், அதை மறைக்க மாட்டேன்: 'பெயர்தான் அரைமணி. நாலு மாதத்தில் ஒரு அரைமணிகூடக் கிடைக்காதவருக்கு எழுத்து தொழில் அல்ல, பொழுதுபோக்கு.' எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தேன். நமக்கும் எழுத வருகிறதே என்றுகூடத் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து, தளத்தை நடத்துகிற அம்மையார் எனக்கு ஒரு கடிதத்தை அனுப்பிவைத்தார். "சார், இதுக்குக் குழு சார்பா நல்லபடியா ஒரு பதில் போட்டுடுங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ பட்டியல்லயும் மாத்திக்கலாம்" என்று மேலே ஒரு குறிப்பு. வழக்கமாக வருகிற சண்டைக் கடிதம் என்று நினைத்து, கூலாகத்தான் திறந்தேன்.

'நடுவர் குழுவினருக்கு வணக்கம். மார்க்கைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஏழு பேர் உட்கார்ந்து படித்துச் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும். ஒரே ஒரு உதவி, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா? அந்த நாலு மாதம் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அண்ணன் இருக்கிறார். ஆனால் அவர் பெரிய எழுத்தாளர், வேலையை விட்டு நகர முடியாது. நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது அம்மா நடக்கிறார், பக்கத்தில் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் பட்டியலை விளையாட்டாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். தன்னால்தான் எனக்கு இந்தப் பேச்சு வந்தது என்று அம்மா நினைக்கிறார். அன்றிலிருந்து நான் எழுத உட்கார்ந்தால் என்னைக் கூப்பிடுவதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே குளியலறைக்குப் போகிறார். போன வாரம் விழப் பார்த்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வரி போய்விட்டது என்று காட்டினால் கூப்பிடுவார்.'

கீழே 'அரைமணி' என்று கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். அந்த நம்பர் என் போனில் 'தங்கை' என்று இருக்கிறது.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. யாரும் இல்லாத அறையில் முகத்தை மூடிக்கொண்டேன். அம்மா விழுந்த அன்று தங்கை போன் செய்ததும், நான் சொன்னதும் ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் வந்தது. "எனக்கு டெட்லைன் கழுத்தை நெரிக்குதும்மா. நீதான் வீட்ல சும்மா ஏதோ எழுதிட்டிருக்கே, கொஞ்சம் பாத்துக்கோயேன்." அந்த டெட்லைன் எது தெரியுமா? இதே பட்டியல்தான், போன வருஷத்தது. மூன்று தட்டு வேலை. நாலு மாதத்தில் இரண்டே இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு தடவையும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாலு மாதத்தைத்தான் பைசல் பண்ணுகிற மாதிரி நாலு மார்க்காகக் கழித்திருக்கிறேன். மனுஷனா நான்?

அன்று மத்தியானம்தான் முதல்தடவையாக அந்த பிளாக்கைப் படித்தேன். முதல் பதிவிலிருந்து. அந்த இடைவெளிக்கு அடுத்த பதிவின் தலைப்பு, 'முடியாது என்று எழுதிய கடிதம்'. அம்மா படுத்ததும் தன்னிடம் வேலை கொடுத்திருந்த ஐந்து பேருக்கு அவள் எழுதிய கடிதத்தை அப்படியே போட்டிருந்தாள். எதை முடித்துவிட்டேன், எது பாதியில் நிற்கிறது, அதை யாரிடம் கொடுத்தால் ஒழுங்காக முடிப்பார்கள் என்று வரிசையாகச் சொல்லி, 'நான் எப்போது திரும்புவேன் என்று தெரியவில்லை' என்று முடித்திருந்தாள். சாக்குப்போக்கு ஒரு வார்த்தை இல்லை. மூன்று பேர் காத்திருந்தார்களாம். ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறைக்குள் அம்மா நடந்து பழகுகிற அரைமணியில், வெளியே எடை பார்க்கும் மெஷின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்து இந்தப் பதிவை எழுதினேன் என்று கடைசியில் போட்டிருந்தாள். ஒன்பதரை வாங்கிய மலை உச்சிக்காரரையும் அப்புறம் திறந்து படித்தேன். தினமும் எழுது, விடாமல் எழுது என்பதையே ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமையும் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். பதினொரு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். உருப்படியாக ஒரு விஷயம் கற்றுக்கொண்டது அந்த முப்பதாவது பிளாக்கில்தான்.

வரியை எடுத்தேன். பதிலும் எழுதினேன். அதிலாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. 'எங்கள் ஏழு பேரும் மீண்டும் கூடி, தங்கள் பதிவுகளை ஆழ்ந்து வாசித்து' என்று கை அதுபாட்டுக்கு எழுதித் தள்ளிவிட்டது. அனுப்பின பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. "போய் நேர்ல சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரம். கதவைத் தட்டிவிட்டு நின்றபோது, உள்ளே உள்ளங்கை சுவரில் உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. சர், ஒரு நிறுத்தம், மறுபடி சர். கதவைத் திறந்தவள் அம்மா. தனியாக, மூச்சு வாங்க. வேலை நாளில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்டா, வேலை போயிடுச்சா?"

அதற்குள் தங்கை உள்ளிருந்து ஓடிவந்தாள். "ஏம்மா, ஒரு குரல் கொடுக்க மாட்டியா? விழுந்து வைக்கவா?"

"நீ எழுதிட்டிருந்தியேம்மா."

தங்கை அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் பார்த்தாள். "அண்ணா, சரியான நேரத்துக்கு வந்தே. உன்கிட்ட சொன்னதில்ல, நான் ஒரு பிளாக் எழுதறேன். நீ பார்த்தா மார்க் போட ஆரம்பிச்சிடுவேன்னு பேர் போடாமலே எழுதிட்டிருந்தேன்." சிரித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். பட்டியல், மூன்று மார்க், அந்த வரி, தன் கடிதம், எல்லாவற்றையும் சொன்னாள். "நேத்து பதில் வந்திருக்கு. வரியை எடுத்துட்டாங்க. நான் வாசிச்சுக் காட்டினா அம்மா நம்ப மாட்டேங்கறா, தன்னை சமாதானம் பண்ண நானே எழுதிக்கிட்டேன்னு சொல்றா. நீ வாசிண்ணா. நீ சொன்னா நம்புவா."

லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். அம்மா காதைச் சாய்த்துக்கொண்டாள். வாசித்தேன். 'மதிப்பிற்குரிய பதிவர் அவர்களுக்கு. எங்கள் ஏழு பேரும் மீண்டும் கூடி...' அதோடு நிறுத்திவிட்டேன்.

"என்னண்ணா, எழுத்து சின்னதா இருக்கா?"

"ஏழு பேர் இல்லம்மா. நான் ஒருத்தன்தான். மூணு போட்டதும் நான், அந்த வரி எழுதினதும் நான். இந்தக் கடிதமும் நான்தான் எழுதினேன். நீன்னு தெரியாது. ஒரு பதிவுகூடப் படிக்காம போட்டேன். வெறும் தேதியைப் பார்த்துப் போட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. லேப்டாப்பை எடுத்து மெதுவாக மூடினாள். "ஏழு பேர்ல ஒருத்தராவது படிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

நான் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, கேட்டியா? அது பெரியவங்க யாரும் சொன்னது இல்ல. உன் பிள்ளை நான், புத்தி கெட்டுப் போய் எழுதினது. அதுக்காக நீ அவளைக் கூப்பிடாம இருக்காதே."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீயாடா எழுதினே?"

"ஆமாம்மா. நான்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "வெளியாளுங்க ஏழு பேர் சொன்னா தப்பா இருக்கலாமேன்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தேன். நீ சின்ன வயசுலேர்ந்தே சரியா மார்க் போடறவனாச்சே." என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் தங்கையிடம், "நீ போம்மா, போய் உன் எழுத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு கையை நாற்காலியிலும் ஒரு கையைச் சுவரிலும் ஊன்றி எழுந்தாள்.

நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"நீ உட்காருடா. உனக்கு வேலை இருக்கும்."