பதினோரு நிமிட நிறுத்தம்

அலுவலகத்தில் அவருக்கு நிமிஷக்காரர் என்று பெயர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் ஐந்து நகரங்களுக்கு நடுவே ஓடும் ரயில்களின் கால அட்டவணை பத்தொன்பது வருடமாக அவர் கையால்தான் தயாராகிறது. ஒரு நாளும் பிழை வந்ததில்லை. ஒரு நகரத்தில் ஆஸ்பத்திரி, ஒன்றில் தொழிற்சாலைகள், ஒன்றில் கல்லூரிகள், ஒன்றில் மொத்தச் சந்தை, இன்னொன்றில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடுகள். எந்த ஊரும் தனியாக வீங்க வேண்டாம், ஐந்தும் சேர்ந்தே வளரட்டும் என்பது மேலிடத்தின் திட்டம். அந்த ஐந்தையும் சேர்த்துத் தைக்கிற நூல் தன் அட்டவணைதான் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

அவர் வீடு ஒரு நகரத்தில். அலுவலகமும், மனைவி இரவு நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் வேறொன்றில். அவள் திரும்பும் ரயிலும் அவர் போகும் ரயிலும் காலை ஏழேகாலுக்கு நடுவழி நிலையத்தில், ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் பதினோரு நிமிடம் நிற்கும். மாலையில் அவர் கதவைத் திறக்கும்போது அவள் கிளம்பியிருப்பாள். வார நாளில் இருவரும் முகம் பார்ப்பது அங்கேதான்.

"குழாய் ஒழுகுதுன்னேனே, பார்த்தீங்களா?"

"வாஷர் மாத்திட்டேன். உன் தோடு சோப்பு டப்பாவுல கிடந்துச்சு."

"ஒரே வாடகைல ரெண்டு குடித்தனம். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஏத்திடுவார்" என்று சிரிப்பாள்.

அதுவரை ஒற்றைத் தடமாக இருந்த பாதையில் அந்த வருடம் இரண்டாவது தடம் போட்டு முடித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ரயில் நின்றால் அட்டவணையில் காரணம் எழுத வேண்டும். 'எதிர் ரயிலுக்கு வழிவிட' என்று இதுவரை எழுதியிருந்தார். இனி அது செல்லாது.

"வேற காரணம் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா அங்க நிக்கவே வேண்டாம், எடுத்துடலாம்" என்றார் மேலதிகாரி.

"எண்ணிப் பார்த்துச் சொல்றேன் சார்."

'பயணிகள் ரயில் மாற' என்று எழுதலாம். அதற்குக் கணக்கு வேண்டும். மூன்று காலை பிளாட்பாரத்தில் நின்று எண்ணினார். இறங்கியவர்கள் மூன்று நாளும் இரண்டே பேர். இருவரையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மனைவியிடம் சொன்னார்.

"அந்த ரெண்டுக்குப் பக்கத்துல ரெண்டு பூஜ்யம் போடுங்க. யாரு வந்து எண்ணப் போறா?"

"வண்டிக்குள்ள ஆயிரம் பேர் பதினோரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்காங்களே."

அவள் மடங்கியிருந்த அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். "சரி, ஏறுங்க. உங்க வண்டி கிளம்புது" என்றாள்.

அன்று மதியமே அட்டவணையில் அந்த நிறுத்தத்தின் வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

புது அட்டவணையின் முதல் நாள், நடுவழி நிலையம் வரும் முன்பே எழுந்து கதவருகே நின்றார். எதிர் ரயில் ஒரு இரைச்சலாக வந்து போனது. ஜன்னல்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. முகம் எதுவும் தெரியவில்லை.

அலுவலகம் இன்னும் திறக்கவில்லை.

"என்ன சார், பதினோரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க? வீட்ல துரத்திட்டாங்களா?" என்றான் காவலாளி.

"ரயில் சரியா வந்துச்சுப்பா" என்றார்.

போனை எடுத்தார். இந்நேரம் அவள் வீடு போய்ப் படுத்திருப்பாள். எழுப்ப வேண்டாம் என்று பையில் போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்தார்.